ட்ரைசூட் காலுறைக்கு மேல் எந்தச் சப்பாத்துப் போடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரொறன்ரோவில் வாழும் நம்மவர்களில் பலர் சுழியோடப் பழகியது திருகோணமலையிலோ மாலைதீவிலோ கியூபாவிலோதான். அங்கே தண்ணீர் 27, 28 பாகையில் இருக்கும். காலுக்கு மெல்லிய பூட்ஸ் ஒன்று, அதற்கு மேல் ஃபின் (நீந்தக் காலில் மாட்டும் துடுப்பு), அவ்வளவு போதும். பிறகு ஒன்ராறியோவில் டோபர்மோரிக்கோ கிங்ஸ்ரனுக்கோ போனால் நிலைமை வேறு. ஓகஸ்ட் மாதத்திலும் ஹூரன் ஏரியின் ஆழத்தில் தண்ணீர் 4, 5 பாகை செல்சியஸ்தான். அதனால் உடம்பு நனையாமல் உள்ளே காற்றை வைத்திருக்கும் ட்ரைசூட் என்ற சுழியோடும் உடையை வாங்குகிறோம். ஆயிரக்கணக்கான டொலர் கொடுத்து சூட்டை வாங்கியவர்கள், அதன் காலுக்கு மேல் போடும் சப்பாத்தைக் கடைசி நேரத்தில், கையில் கிடைத்ததாகப் பார்த்து எடுத்துவிடுகிறார்கள். கால் விறைப்பதும் சூட் ஒழுகுவதும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன.

சொல்ல வருவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சப்பாத்தைத் தனியாக வாங்காதீர்கள். உள்ளே போடும் சொக்ஸ், சூட்டின் காலுறை, சப்பாத்து, ஃபின் ஆகிய நான்கையும் ஒன்றாகப் போட்டுப் பார்த்து முடிவெடுங்கள். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அதன் விளக்கம்தான்.

ட்ரைசூட் காலுறை என்று எதைச் சொல்கிறீர்கள்?

ட்ரைசூட்டின் கால் இரண்டு விதமாக முடியும். ஒரு வகையில் தடித்த றப்பர் பூட்ஸ் சூட்டோடு நிரந்தரமாக ஒட்டப்பட்டிருக்கும். மற்ற வகையில் பூட்ஸ் இருக்காது. நியோபிரீனிலோ (காற்றுக் குமிழிகள் உள்ள நுரை றப்பர்) சூட்டின் அதே துணியிலோ செய்த, தண்ணீர் புகாத காலுறை ஒன்று சூட்டோடு சேர்ந்திருக்கும். அதற்கு மேல் தனியாக ஒரு சப்பாத்துப் போட வேண்டும். இந்தப் பக்கத்தில் ‘காலுறை’ என்றால் சூட்டோடு சேர்ந்த அந்தப் பகுதி. அதற்குள்ளே குளிருக்குப் போடும் கம்பளிச் சொக்ஸை ‘சொக்ஸ்’ என்றே எழுதுகிறேன்.

ஒட்டிய பூட்ஸா, காலுறையா? இன்னும் சூட் வாங்கவில்லை.

என் தெரிவு காலுறைதான். ஒட்டிய பூட்ஸ் சூட்டோடு வந்த அளவில் வரும். உங்கள் கால் அதற்குள் ஆடினால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. காலுறை என்றால் சப்பாத்தை உங்கள் காலுக்கு ஏற்றபடி எடுக்கலாம், லேஸைக் கட்டிக் கணுக்காலை இறுக்கலாம், சப்பாத்தின் அடி தேய்ந்தால் சப்பாத்தை மட்டும் மாற்றலாம். சூட் உள்ளே நனைந்தாலும் காலுறையை வெளியே புரட்டிக் காயவிடலாம். தடித்த றப்பர் பூட்ஸைப் புரட்ட முடியாது.

ஒட்டிய பூட்ஸுக்கும் நல்ல பக்கம் உண்டு. போடுவது கெதி. குனிந்து லேஸ் கட்ட வேண்டியதில்லை. முதுகு, முழங்கால் பிரச்சினை உள்ளவர்களுக்கு அது பெரிய உதவி. சப்பாத்தை வீட்டில் மறந்துவிட்டு நான்கு மணித்தியாலம் வாகனம் ஓடி டோபர்மோரிக்குப் போய் நிற்க வேண்டிய நிலையும் வராது. ஏற்கெனவே ஒட்டிய பூட்ஸ் உள்ள சூட் இருந்தால், திருத்துபவர்களிடம் கொடுத்து அதை வெட்டிவிட்டுக் காலுறை போட்டுக்கொள்ளலாம். ட்ரைசூட் திருத்துபவர்கள் வழக்கமாகச் செய்கிற வேலை அது.

சப்பாத்து இல்லாமல் காலுறைக்கு மேலேயே ஃபின்னைப் போட்டால் என்ன?

வேண்டாம். காலுறை நடப்பதற்கென்று செய்யப்பட்டதல்ல. கல்லில் ஓரடி வைத்தாலே ஊசித்துளை விழலாம். ஃபின்னின் ஓரமும் பின்பட்டியும் குதிக்காலில் உரசிக்கொண்டே இருக்கும். காலுறைக்குள் இருக்கும் காற்றை அடக்கவும் எதுவும் இருக்காது. உடை மாற்றும்போதுகூட, வாகன நிறுத்துமிடத்தில் காலுறையோடு நிற்காதீர்கள். பழைய யோகா பாயோ வாகனத்தின் றப்பர் விரிப்போ ஒன்றைக் கீழே போட்டு அதில் நின்று மாற்றுங்கள்.

ரொக் பூட்ஸ் என்று விற்கிறார்களே, அதைத்தான் வாங்க வேண்டுமா?

கட்டாயம் இல்லை. ஆனால் கையில் காசு இருந்தால் அதையே வாங்குங்கள் என்பேன், ஏனென்றால் அது இந்த ஒரு வேலைக்காகவே செய்யப்பட்டது. டீயூஐ, சான்டி, ஃபோர்த் எலிமென்ட், நோர்தேர்ன் டைவர் போன்ற நிறுவனங்கள் விற்கும் ரொக் பூட்ஸின் பொதுவான அமைப்பு ஒன்றுதான். அடியில் வளையாத தடித்த றப்பர். மேலே நியோபிரீன் அல்லது முரட்டு நைலோன். கணுக்காலுக்கு மேல் வரை உயரம். லேஸ், அதற்கு மேல் அதை மூடிப் பிடிக்கும் வெல்குரோ பட்டி. குதிக்காலின் பின்புறத்தில் ஃபின் பட்டி வழுக்காமல் இருக்க ஒரு சிறிய மேடு.

இவற்றில் என்னை மிகவும் கவர்வது அந்த அடிப்பகுதிதான். 12 லீற்றர் இரும்புச் சிலிண்டர் இரண்டைச் சேர்த்து முதுகில் மாட்டினால் 30 கிலோவுக்கு மேல் வரும். அந்தப் பாரத்தோடு படகின் ஏணியில் ஏறும்போது முழு எடையும் ஏணியின் ஒற்றைக் கம்பியில், உள்ளங்காலின் நடுவில் விழும். மெல்லிய அடி உள்ள சப்பாத்தில் அந்தக் கம்பி அப்படியே எலும்பில் உறைக்கும். தடித்த அடி அந்த எடையைக் கால் முழுவதும் பரப்பிவிடும்.

கொன்வேர்ஸ் மாதிரிக் கன்வஸ் சப்பாத்தைப் பலர் போடுகிறார்களே?

போடுகிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. கணுக்காலுக்கு மேல் வரும் கொன்வேர்ஸ் சக் டெய்லர் வகைச் சப்பாத்து மலிவு, எந்த ஊரிலும் கிடைக்கும், தட்டையான றப்பர் அடி. உள்பக்கத்தில் இரண்டு சிறு காற்றுத் துளைகள் இருப்பதால் தண்ணீர் கெதியாக வடிந்துவிடும். கன்வஸ் துணி மெல்லியது. அதனால் ஃபின்னுக்குள் அதிக இடம் பிடிக்காது. லேஸ் கீழே பெருவிரல் அருகிலிருந்தே தொடங்குவதால் அகலத் திறந்து, பெரிய காலுறையையும் நுழைக்கலாம்.

படகிலிருந்து குதித்து, படகுக்கே திரும்பி வருபவருக்கு இது போதும். கரையிலிருந்து பாறையில் நடந்து இறங்குபவருக்குப் போதாது: அடி மெல்லியது, கூரான கல்லை உணர்வீர்கள், பாசி பிடித்த இடத்தில் வழுக்கும்.

வாங்கினால் இரண்டு வேலை செய்யுங்கள். உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். லேஸ் துளைகளின் உலோக வளையங்கள் உள்பக்கம் கூராக இருந்தால் காலுறை உரசிக் கிழியும். அவற்றின் மேல் தண்ணீருக்குத் தாக்குப்பிடிக்கும் துணி டேப் ஒட்டுங்கள். பிறகு உள்ளே இருக்கும் பஞ்சு இன்சோலைக் கழற்றிவிடுங்கள். இடமும் கூடும், தண்ணீரும் குறைவாகப் பிடிக்கும்.

வீட்டில் பழைய ஓட்டச் சப்பாத்து இருக்கிறது. அதைப் போடலாமா?

நீச்சல் தடாகத்தில் பழகுவதற்கு ஒரு தடவை, சரி. ஏரிக்கு வேண்டாம். ஓட்டச் சப்பாத்தின் அடி ஈவிஏ என்ற நுரையால் ஆனது. அந்த நுரைக்குள் காற்றுக் குமிழிகள் நிறைந்திருப்பதால் அது மிதக்கும். ஏற்கெனவே மேலே எழும்பப் பார்க்கும் ட்ரைசூட் காலோடு இன்னும் இரண்டு மிதவைகளைக் கட்டிவிட்டது போலத்தான். குதிக்கால் பகுதி அகலமாகப் பிதுங்கி நிற்பதால் ஃபின்னுக்குள்ளும் போகாது. மேலே உள்ள பஞ்சுத் துணி தண்ணீரை உறிஞ்சி, கரையேறும்போது கனக்கும்.

வெட்சூட்டுக்கு (உள்ளே தண்ணீர் புகும் நியோபிரீன் உடை) போட்ட நியோபிரீன் பூட்ஸைப் பெரிய அளவில் வாங்கினால்?

சிலர் அப்படித்தான் சமாளிக்கிறார்கள். இரண்டு அளவு கூடுதலாக எடுத்தால் காலுறை உள்ளே போகும். சிக்கல் என்னவென்றால் நியோபிரீன் இழுத்துப் பிடிக்கும் தன்மையுள்ளது. உள்ளே இருக்கும் கம்பளிச் சொக்ஸைச் சுற்றிலும் அமுக்கிவிடும். அமுங்கிய கம்பளி சூடு தராது. அந்தப் பூட்ஸின் பக்கவாட்டுச் சிப்பில் மணல் புகுந்தால் சிப் காலுறையைக் கடிக்கவும் கூடும். தற்காலிகத்துக்குச் சரி.

மீன்பிடிப்பவர்கள் போடும் வேடிங் பூட்ஸ், ராணுவ பூட்ஸ், வேலைக்குப் போடும் பூட்ஸ்?

வேடிங் பூட்ஸ் கரையில் அருமையாக இருக்கும். தண்ணீர் புகாத காலுறைக்கு மேல் போடவே செய்யப்பட்டது என்பதால் உள் இடமும் சரியாக இருக்கும். ஆனால் முன்பகுதி மிக அகலம். அதை விழுங்கும் ஃபின் கிடைப்பது கடினம். கம்பளியடி வைத்தவற்றைத் தொடவே வேண்டாம். அந்தக் கம்பளிக்குள் ஒரு ஏரியின் உயிரிகள் ஒட்டிக்கொண்டு மறு ஏரிக்குப் போகும் என்பதால் சில நாடுகளில் தடையே போட்டிருக்கிறார்கள்.

வெப்பமண்டலக் காட்டுக்கென்று செய்த ராணுவ பூட்ஸில் பக்கத்தில் வடிகால் துளைகள் உண்டு. அடி உறுதி. ஃபின்னுக்குள் போகுமென்றால் மோசமில்லை. ஆனால் ஆழமான பற்கள் உள்ள அடி ஃபின்னுக்குள் சிக்கிக்கொள்ளும். தண்ணீரில், தடித்த கையுறையோடு, அலை அடிக்கும்போது ஃபின் கழறாமல் நிற்பது ஆபத்து. இரும்பு முனை வைத்த வேலை பூட்ஸ் வேண்டாம். துரு, எடை, நிரந்தரக் குளிர், மூன்றும் சேர்ந்து வரும்.

அளவை எப்படிக் கணிப்பது?

இதில் ஆறுதலாக நேரம் எடுங்கள்.

நீங்கள் அன்றாடம் போடும் சப்பாத்தின் எண்ணை மறந்துவிடுங்கள். இங்கே அளக்க வேண்டியது உங்கள் காலை அல்ல, சொக்ஸும் காலுறையும் போட்ட காலை. வீட்டில் சூட்டை இடுப்பு வரை போட்டு, உண்மையில் ஏரிக்குப் போடப்போகும் சொக்ஸையே உள்ளே போட்டு, ஒரு காகிதத்தில் நின்று கால் ஓரத்தைப் பென்சிலால் வரையுங்கள். நீளத்தையும், விரல்கள் சேரும் இடத்து அகலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு கால்களுக்கும் செய்யுங்கள். பெரிய காலின் அளவையே எடுங்கள். பெரும்பாலானவர்களுக்கு வழக்கமான சப்பாத்தைவிட ஒன்று அல்லது இரண்டு அளவு கூடுதலாக வரும். தடித்த நியோபிரீன் காலுறையென்றால் இன்னும் கூடலாம்.

கடைக்குப் போக முடிந்தால் சூட்டையே எடுத்துக்கொண்டு போங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. கழற்றக்கூடிய இன்சோல் உள்ள சப்பாத்தென்றால், அந்த இன்சோலை வெளியே எடுத்து அதன்மேல் காலுறையோடு நின்று பாருங்கள். பக்கவாட்டில் கால் வெளியே பிதுங்கினால் அந்தச் சப்பாத்து எவ்வளவு நீளமாக இருந்தாலும் உங்களுக்கு ஒடுக்கம். பிறகு போட்டு லேஸைக் கட்டிக் குந்தி எழும்புங்கள். படி இருந்தால் ஏறி இறங்குங்கள். விரல்கள் எல்லாம் அசைய வேண்டும். குதிக்கால் கொஞ்சம் எழும்பினால் பரவாயில்லை, ஆனால் சப்பாத்துக் கழறக் கூடாது. முன்னங்காலைத் தூக்கிப் படியின் ஓரத்தில் வைத்து அமுக்கும்போது பெருவிரல் முனையில் முட்டினால் அடுத்த அளவைக் கேளுங்கள்.

காலுறை எங்கே மடிகிறது என்பதையும் பாருங்கள். துணிக் காலுறை நீளாது என்பதால் பெரிதாகத்தான் தைத்திருப்பார்கள். மிஞ்சிய துணியை மேலே, கால் பாதத்தின் மேற்புறத்தில் தட்டையாக மடித்துவிட்டுச் சப்பாத்தைப் போட வேண்டும். குதிக்கு அடியிலோ விரல் நுனியிலோ மடிப்பு விழுந்தால் ஒவ்வொரு அடிக்கும் அது தேயும். அந்த மடிப்பின் முனையில்தான் பிறகு ஒழுக்கு வரும்.

நல்ல சப்பாத்துப் போட்டும் கால் விறைக்கிறது. இன்னும் ஒரு சொக்ஸ் போடட்டுமா?

பெரும்பாலும் அதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். ஒரு சொக்ஸைக் கழற்றிப் பாருங்கள்.

உங்களைச் சூடாக வைத்திருப்பது கம்பளி நூல் அல்ல, நூல்களுக்கிடையில் அசையாமல் நிற்கும் காற்று. தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். வெளியே 4 பாகைத் தண்ணீர். உங்கள் விரலுக்கும் அதற்கும் இடையில் நிற்பது அந்தக் காற்றுப் படலம் ஒன்றுதான். இரண்டு தடித்த சொக்ஸைப் போட்டுச் சப்பாத்தை இறுக்கினால் காற்று இருந்த இடம் போய்விடும். அதோடு இரத்த ஓட்டமும் குறையும். விரல்களுக்கு வெப்பத்தைக் கொண்டுவருவது இரத்தம்தான். அதை நெரித்துவிட்டுப் பிறகு எத்தனை சொக்ஸ் போட்டும் பயனில்லை.

ஆழமும் ஒரு காரணம். நியோபிரீனுக்குள் இருக்கும் வாயுக் குமிழிகள் அழுத்தத்தில் சுருங்கும். 30 மீற்றரில் அழுத்தம் மேற்பரப்பைப்போல் நான்கு மடங்கு. டோபர்மோரியில் 1884 இல் மூழ்கிய அராபியா கப்பல் அதைவிடச் சற்று ஆழத்தில் கிடக்கிறது. அங்கே போகும்போது சாதாரண நியோபிரீன் காலுறையும் நியோபிரீன் சப்பாத்தும் மெலிந்துபோயிருக்கும்; கரையில் கதகதப்பாக இருந்தது கீழே இருக்காது. அதனால் வெப்பத்துக்காக நம்ப வேண்டியது உள்ளே இருக்கும் சொக்ஸை. மெரினோ போன்ற கம்பளியில் மெல்லியது ஒன்று, அதற்கு மேல் தடித்த கம்பளியோ தின்சுலேட் என்ற செயற்கைப் பஞ்சோ ஒன்று, இரண்டும் நசுங்காமல் இருக்கும் இடம். பருத்திச் சொக்ஸ் வேண்டவே வேண்டாம். கால் வியர்த்து அது நனைந்தால் காயாது, குளிர் அங்கேயே தங்கிவிடும்.

என்னிடம் இருக்கும் ஃபின் புதுச் சப்பாத்துக்கு மேல் போகவில்லை.

பலருக்கு இது நடக்கும். ஃபின் முதலில், சப்பாத்துப் பிறகு என்ற வரிசையில் வாங்கினால் இப்படித்தான் முடியும். வெறுங்காலோடு முழுதாக மாட்டும் வகை ஃபின் ட்ரைசூட்டுக்கு ஆகவே ஆகாது. பின்பக்கம் திறந்த, பட்டி உள்ள வகைதான் வேண்டும். வெட்சூட்டோடு நீங்கள் போட்ட ஃபின் லார்ஜ் என்றால் ரொக் பூட்ஸுக்கு எக்ஸ்ட்ரா லார்ஜோ அதற்கு மேலேயோ தேவைப்படலாம்.

ஸ்கூபாப்ரோவின் ஜெட் ஃபின் 1965 இலிருந்து இருக்கிறது. இன்றும் குளிர்த் தண்ணீர்ச் சுழியோடிகள் பலர் அதை விடாமல் இருப்பதற்கு அதன் எடை ஒரு காரணம்: கனத்த றப்பர், தண்ணீரில் தாழும், காலைக் கீழே வைத்திருக்க உதவும். அகலமான வாய் கொண்ட அபெக்ஸ் ஆர்கே3, ஹொலிஸ் எஃப்1 போன்றவையும் தடித்த பூட்ஸுக்கு ஒத்துவரும்.

சரியாகப் பொருந்தினால் சப்பாத்தின் குதி ஃபின்னின் ஓரத்தில் வந்து உட்காரும். உள்ளங்காலின் வளைவு முழுவதும் ஃபின்னுக்குள் இருக்கும். பாதிக்கால் மட்டும் உள்ளே போய் விரல்கள் இறுகினால் உதைக்கும்போது கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். பட்டியைப் பொறுத்தவரை, இரும்புச் சுருள் பட்டி போடுங்கள். தடித்த கையுறையோடு கொக்கியைத் தேட வேண்டியதில்லை, விரலை விட்டு இழுத்தால் போதும்.

காலுக்குள் காற்றுப் போய் தலைகீழாகிவிடும் என்று பயமுறுத்துகிறார்களே. சப்பாத்துக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. சூட்டுக்குள் இருக்கும் காற்று எப்போதும் மிக உயரமான இடத்தைத் தேடிப் போகும். காற்றை வெளியேற்றும் வால்வு இருப்பது மேற்கையில். கால் தலையைவிட உயர்ந்துவிட்டால் காற்று காலுறைக்குள் போய் நிறையும். அங்கிருந்து வெளியே விட வழியில்லை. காலுறை ஊதிப் பெருத்தால் சப்பாத்துத் தளர்ந்து, ஃபின்னோடு சேர்ந்து கழன்று போகலாம். ஃபின் போய்விட்டால் நிமிர்ந்து வருவதும் கடினம்.

கணுக்கால் வரை உயர்ந்து லேஸால் கட்டப்பட்ட சப்பாத்து, காலுறை ஊதக்கூடிய இடத்தையே குறைத்துவிடும். தாழ்ந்த சப்பாத்தை நான் பரிந்துரைக்காததற்கு இதுவே முதல் காரணம். லேஸை விரல் பக்கம் தளர்வாகவும் கணுக்கால் பக்கம் சற்று இறுக்கமாகவும் கட்டுங்கள். விரலுக்கு இடம், கணுக்காலுக்குப் பிடி.

ஆனால் சப்பாத்தை மட்டும் நம்பி இருக்க முடியாது. முழங்காலை மடித்துச் சுருண்டு, உருண்டு, தலையை மேலே கொண்டுவந்து வால்வைத் திறக்கும் பயிற்சியை ஒரு பயிற்றுநரோடு ஆழமில்லாத இடத்தில் செய்து பழகுங்கள். ட்ரைசூட் வகுப்பு எடுக்காமல் ஏரியில் இறங்க வேண்டாம்.

லேஸ் எங்காவது சிக்காதா?

சிக்கும், பார்த்துக் கட்டாவிட்டால். உடைந்த கப்பல்களைச் சுற்றி மீன்பிடி நரம்புகள் கிடக்கும். தொங்கும் லேஸ் வளையம் அவற்றில் மாட்டுவதற்கு வசதியான கொக்கி. இரட்டை முடிச்சுப் போட்டு, மிஞ்சியதைச் சப்பாத்துக்குள் செருகி, வெல்குரோ பட்டி இருந்தால் அதனால் மூடிவிடுங்கள். ட்ரையத்லன் ஓட்டக்காரர்கள் போடும் இழுபடும் லேஸ் இன்னும் நல்லது. ஒரு தடவை அளவு வைத்துவிட்டால் முடிச்சே தேவையில்லை, விறைத்த விரல்களாலும் இழுத்துப் பூட்டலாம்.

எந்த இடத்துக்கு எந்த அடி?

டோபர்மோரிக் கரை சுண்ணாம்புப் பாறை. சில இடங்களில் கூராக உடைந்து கிடக்கும், தண்ணீர் தொடும் இடத்தில் பாசி வழுக்கும். அங்கே கரையிலிருந்து இறங்குவதென்றால் வளையாத அடி, மென்மையான றப்பர், அதிக ஆழமில்லாத பற்கள். பிக் டப் துறைமுகத்தில் 1885 இல் மூழ்கிய ஸ்வீப்ஸ்டேக்ஸ் போன்றவற்றைப் படகில் போய்ப் பார்ப்பதென்றால் ஏணிதான் கணக்கு, கல் அல்ல.

கிங்ஸ்ரனில் 1985 இல் மூழ்கடிக்கப்பட்ட வுல்ஃப் ஐலண்டர் 2 போன்ற கப்பல்களுக்கும் படகுதான். அங்கே படகுத் தட்டு ஈரமாக இருக்கும். வழுக்காத அடி முக்கியம். ப்ரொக்வில் பக்கம் சென் லோரன்ஸ் ஆற்றில் ஓகஸ்ட்டில் 20 பாகைக்கு மேல் போவதால் பலர் அப்போது ட்ரைசூட்டே போடுவதில்லை.

இந்த ஏரிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று வரிக்குதிரை மட்டி. 1988 இல் சென் கிளையர் ஏரியில் முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. இன்று கப்பல்கள், கற்கள், துறைமுகத் தூண்கள் எல்லாவற்றையும் மூடிக்கிடக்கிறது. ஓடு பிளேடுபோல் வெட்டும். கன்வஸ் சப்பாத்துப் போட்டுக்கொண்டு மட்டி படிந்த கல்லில் காலை உரசினால் காலுறைவரை வெட்டு இறங்கலாம். முரட்டு நைலோன் அல்லது றப்பர் பூசிய முன்பகுதி உள்ள பூட்ஸுக்குக் காசு கொடுப்பதற்கு எனக்கு இது ஒன்றே போதும்.

காலுறை ஏன் எப்போதும் சப்பாத்துக்குள்ளேயே ஓட்டையாகிறது?

மணலால். ஒரு சிறு கல் சப்பாத்துக்குள் புகுந்து, உங்கள் முழு எடையும் உபகரணத்தின் எடையும் அதன்மேல் விழுந்தால், அது காலுறைக்குள் துளையிடும். மூன்று படலங்களைச் சேர்த்த ட்ரைலமினேட் துணியில் தண்ணீரைத் தடுப்பது நடுவில் இருக்கும் மெல்லிய பியூட்டைல் றப்பர் படலம்தான். வெளித்துணி முழுதாகத் தெரியும்போதே அந்தப் படலம் போயிருக்கலாம்.

சப்பாத்தைப் போடும் முன் ஒவ்வொரு தடவையும் தலைகீழாகத் தட்டி, உள்ளே கையால் துடையுங்கள். காலுறையின் அடியையும் துடையுங்கள். துணிக் காலுறை உள்ளவர்கள் அதற்கு மேல் ஒரு பழைய மெல்லிய நைலோன் சொக்ஸைப் போட்டு, பிறகு சப்பாத்தைப் போடலாம். அது தேய்ந்தால் வீசிவிட்டு வேறொன்று.

ஒழுக்கைக் கண்டுபிடிக்க, கழுத்தையும் மணிக்கட்டுகளையும் அடைத்துச் சூட்டைக் காற்றால் நிரப்பி, காலில் சவர்க்காரத் தண்ணீர் தெளியுங்கள். நுரை எழும்பும் இடம்தான் துளை. நன்றாகக் காயவிட்டு, உள்பக்கமாக அக்வாசீல் போன்ற பசையை மெல்லியதாகப் பூசி ஓரிரவு விடுங்கள். தையல் ஓரத்தில் ஒழுகினால் கடைக்குக் கொடுத்துவிடுங்கள்.

பனிக்கட்டிக்குக் கீழே இறங்குபவர்களுக்கு ஏதாவது விசேடமாக?

பனியில் நடக்கச் சப்பாத்துக்கு மேல் இழுத்து மாட்டும் முள்பட்டி உண்டு. துளையின் ஓரம் வரை அதோடு நடந்து, உட்கார்ந்த பிறகு கழற்றி, துணைக்கு நிற்பவரிடம் கொடுத்துவிட்டு ஃபின்னைப் போடுங்கள். முதல் இறக்கத்துக்குப் பிறகு நனைந்த லேஸ் சில நிமிடங்களில் கம்பிபோல் உறைந்துவிடும். ஒரு குடுவையில் வெந்நீர் கொண்டுபோய் ஊற்றினால் இளகும். சிப் வைத்த பூட்ஸ் அங்கே உறைந்து பூட்டிக்கொண்டால் பெரிய தொல்லை.

பராமரிப்பு?

நல்ல தண்ணீரில் அலசி, லேஸை முழுதாகத் தளர்த்தி, நாக்கை வெளியே இழுத்து, நிழலில் காயவிடுங்கள். ஹீற்றர்மேல் வைத்தால் அடியின் பசை விட்டுப்போகும். ஓர் ஏரியிலிருந்து இன்னோர் ஏரிக்குப் போவதென்றால் முழுதாகக் காய்ந்த பிறகே போங்கள். மட்டியின் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. ஈரச் சப்பாத்தின் மடிப்பில் அவை உயிரோடு பயணம் செய்யும். நமக்கு இவ்வளவு அழகான தண்ணீரைத் தரும் சிறு ஏரிகளுக்கு அந்தக் கெடுதலை நாம் கொண்டுபோகக் கூடாது.

சப்பாத்தை மாற்றினால், தண்ணீரில் தாழக் கட்டும் ஈயத்தின் எடையையும் மாற்ற வேண்டுமா?

சரிபார்க்க வேண்டும். நியோபிரீன் மேற்பகுதி கொஞ்சம் மிதக்கும், கனத்த றப்பர் அடி கொஞ்சம் தாழும். காலில் ஏற்படும் சிறு மாற்றமும் உடம்பு தண்ணீரில் கிடக்கும் சாய்வை மாற்றும். புதுச் சப்பாத்தோடு முதல் இறக்கத்தை 5, 6 மீற்றரில் வைத்துக்கொள்ளுங்கள். அசையாமல் கிடந்து, கால் மேலே போகிறதா கீழே போகிறதா என்று பாருங்கள். மேலே போனால் உடனே கணுக்கால் ஈயத்தைத் தேடாமல், முதலில் லேஸை இறுக்கியும் கனத்த ஃபின் போட்டும் பாருங்கள். கணுக்காலில் கட்டிய ஈயத்தை ஒவ்வொரு உதைப்பிலும் நீங்கள்தான் தூக்க வேண்டும்.

சூட்டை இன்னும் வாடகைக்குத்தான் எடுக்கிறேன். சப்பாத்தை மட்டும் இப்போதே வாங்கி வைக்கலாமா?

வாடகைச் சூட்டுகளில் அதிகமானவை ஒட்டிய பூட்ஸோடு வரும். அப்போது உங்கள் சப்பாத்துக்கு வேலையே இல்லை. காலுறை உள்ள சூட் கொடுக்கும் கடை என்றாலும், அடுத்த தடவை வேறு அளவுக் காலுறை கிடைக்கலாம். இப்போதைக்கு நல்ல கம்பளிச் சொக்ஸ் இரண்டு சோடி வாங்குங்கள். அது எந்தச் சூட்டுக்கும் உதவும். சப்பாத்தையும் ஃபின்னையும் உங்கள் சொந்தச் சூட் வந்த பிறகு, அதைக் காலில் போட்டுக்கொண்டு தேடுங்கள்.